ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது: காலிப்பரை வீட்டிலேயே பிரித்துச் சீராக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பர்மாவின் மோல்மீனில் வசிக்கிறேன். என்னிடம் 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா ஃபீல்டர் இருக்கிறது. மழை விட்டதும் முன் பிரேக் பேடுகளை மாற்றினேன். இரண்டு வாரத்தில் வலது முன் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சூடாகிறது. கருகல் வாடை வருகிறது. ஸ்டியரிங் வலப்பக்கம் இழுக்கிறது. கழற்றிய பழைய பேடுகளில் உள்பக்கத்துப் பேடு தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்ததில் பாதி மிச்சம் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில், உடைத்த வண்டியின் காலிப்பர் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவரோ, ரப்பர் செட் மட்டும் வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நீயே மாட்டிவிடலாம் என்கிறார். என்னிடம் கம்ப்ரஸர் இல்லை, கரண்டையும் நம்ப முடியாது. நானே செய்யலாமா? மீதமாகும் பிரேக் ஆயிலை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாமா?

பதில்: செய்யலாம். கம்ப்ரஸரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆனால் மண்ணெண்ணெயையும் உப்புத்தாளையும் இந்த வேலையின் பக்கமே கொண்டுவராதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், குற்றம், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின்மேல் பேடுகளை அழுத்தும் காலிப்பரில்தானா என்று பார்த்துவிடுங்கள். ரப்பர் செட் வாங்கி மாட்டிய பிறகும் அதே சூடு வருகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டவர்கள்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, சக்கரம் சூடேறிப் பிடித்திருக்கும் நிலையிலேயே நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வலது முன் பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் கழற்ற வேண்டாம். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருக்கும். இப்போது காலிப்பரிலுள்ள பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) அரைச் சுற்றுத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் சட்டென்று இலகுவானால், பேடைத் தள்ளும் பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் அடைபட்டுக் கிடந்தது என்று பொருள். அப்படியானால் குற்றவாளி பெரும்பாலும் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ். வயதான ஹோஸ் உள்ளே வீங்கிவிடும். பெடலை மிதிக்கும்போது ஆயிலை முன்னே விடும், காலை எடுத்தபின் திரும்ப விடாது. வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் ஹோஸ். இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து பிடித்தால் பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரையோ, பெடலின் அசைவு இடைவெளியையோ பாருங்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இலகுவாகவில்லையா? அப்போது பிஸ்டன், காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் சைடு பின், பேடு உட்காரும் இடம் இந்த மூன்றில் ஒன்று இரும்போடு இரும்பாகப் பிடித்திருக்கிறது. உள்பேடு மட்டும் தேய்ந்திருந்தது என்கிற உங்கள் குறிப்பும் இந்தப் பக்கம்தான் காட்டுகிறது.

பேடு மாற்றிய பிறகு ஏன் இது தொடங்கியது என்பதும் புரிந்துகொள்ளத்தக்கது. பேடு தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடும். வெளியே வந்த பாகத்தைக் காப்பது தூசி தடுக்கும் ரப்பர் உறை ஒன்றுதான். அதில் சின்னக் கிழிசல் இருந்தாலும் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கும். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் உங்களுடையது. போதாததற்கு உப்புக் காற்று. வெளியே நீட்டியிருந்த அந்தப் பாகத்தின் குரோம் பூச்சில் துரு புள்ளி புள்ளியாக விழும். பழைய பேடோடு ஓடும் வரை தொந்தரவு தெரியாது, ஏனென்றால் துருப்பிடித்த பாகம் பிஸ்டனைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் சீலைத் தொடவே இல்லை. புதுப் பேடு தடிமனானது. அதற்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளினீர்கள். துருப்பிடித்த வளையம் நேராகச் சீலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

இனி நண்பரின் யோசனைக்கு வருவோம். காலிப்பருக்குள் ஒரு சதுர வெட்டு ரப்பர் வளையம் இருக்கிறது. அது சிலிண்டர் சுவரில் வெட்டிய ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், பிஸ்டன் அதற்குள் வழுக்கிப் போகும். ஆயிலைத் தடுப்பது மட்டும் அதன் வேலையல்ல. பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, அதைப் பற்றிய சீலின் விளிம்பும் கூடவே சாய்கிறது. காலை எடுத்ததும் சீல் பழைய வடிவத்துக்கு நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு தலைமுடி கனத்துக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. டிஸ்க் பிரேக்கில் பேடை விடுவிப்பதற்கு வேறு ஸ்பிரிங் கிடையாது. இந்த ரப்பர்தான் ஸ்பிரிங். ஆகவே பிஸ்டனின் மேல்பரப்பும் சீல் உட்காரும் பள்ளமும் சுத்தமாக இருந்தால் காலிப்பர் வேலை செய்யும். சிலிண்டரின் உட்சுவர் வெறும் கூடு. அதைச் சீல் தொடுவதே இல்லை. அங்கே சிறு கறை, லேசான துருப்புள்ளி இருந்தாலும் பாதகமில்லை.

உப்புத்தாள் போடும் வழக்கம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்தும் பின் டிரம்மின் வீல் சிலிண்டரிலிருந்தும் வந்தது. அங்கே ரப்பர் கப் பிஸ்டனோடு சேர்ந்து நகரும். சுவர்தான் அடைப்புப் பரப்பு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து சுவரைத் தேய்த்தால் பலனில்லை. அதே தாளைப் பிஸ்டனில் போட்டால் கெடுதல். குரோம் பூச்சு மிக மெல்லியது. தேய்த்தால் பளபளப்பாகத் தெரியும், அடுத்த மழையில் அந்த இடமே முதலில் துருப்பிடிக்கும். அதற்குள் விழுந்த கோடுகள் சீலைச் சீவிக்கொண்டிருக்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எல்லாம் பெட்ரோலிய வகை. பிரேக் ரப்பர்கள் கிளைக்கால் வகை ஆயிலுக்காகச் செய்தவை. பெட்ரோலியம் பட்டால் ஊறி வீங்கும். வீங்கிய சீல் பிஸ்டனை விடாது, சக்கரம் மறுபடி சூடாகும். கழுவுவதற்குப் புதிய பிரேக் ஆயில், சாராய வகை ஸ்பிரிட், பிரேக் கிளீனர் ஸ்பிரே இந்த மூன்றில் ஏதாவது ஒன்று போதும். ஸ்பிரேயோ ஸ்பிரிட்டோ போட்டால் முழுக்கக் காய்ந்த பிறகே ரப்பரைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

உடைத்த வண்டியின் காலிப்பரைப் பற்றி: அந்த வண்டியும் உங்கள் வண்டியின் வயதுதான், அதன் ரப்பருக்கும் அதே வயது. ஜப்பானில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட்டாரத்து வண்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதை வாங்கினாலும் ரப்பர் செட் போட்டுத்தான் மாட்ட வேண்டும். உங்கள் காலிப்பரின் சீல் பள்ளம் அரித்துப்போயிருந்தாலோ நிப்பிள் உடைந்து உள்ளே நின்றுவிட்டாலோ மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

அதனால் காசு செலவழிக்குமுன் நிப்பிள் உடையாமல் திறக்கிறதா என்று சோதியுங்கள். வாய் திறந்த ஸ்பானர் வேண்டாம், முனை தேய்ந்துவிடும். ஆறு முனை ரிங் ஸ்பானரோ சாக்கெட்டோ போடுங்கள். முதலில் சற்றே இறுக்கும் திசையில் ஒரு தட்டு, பிறகு திறக்கும் திசையில். அசையவில்லையென்றால் துரு இளக்கும் எண்ணெயை வெளிப்பக்கம் மட்டும் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள்.

வாங்க வேண்டியவை. இரண்டு முன் காலிப்பருக்கும் சேர்த்து ரப்பர் செட்: டொயோட்டா அசல் செட்டின் எண் 04478 என்று தொடங்கும், ஸெய்கென், மியாகோ போன்ற ஜப்பானியப் பெயர்களிலும் கிடைக்கும். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள், ஒரே மாடலிலும் பிஸ்டன் அளவு வேறுபடும். பெட்டியில் இரண்டு சீல், இரண்டு தூசி உறை, உறையைப் பிடிக்கும் கம்பி வளையங்கள், சிறிய கிரீஸ் பாக்கெட் இருக்க வேண்டும். சைடு பின் ரப்பர்கள் சில செட்டுகளில் வராது, கேட்டுத் தனியாக வாங்குங்கள். பிஸ்டன் ஒன்றோ இரண்டோ, பிரித்துப் பார்த்த பிறகு. ஹோஸ் போல்ட்டுக்குச் செம்பு வாஷர் நான்கு. டாட் 3 பிரேக் ஆயில் 1 லிட்டர், முடிந்தால் இரண்டு அரை லிட்டர் டப்பாக்களாக. பிரேக்குக்கென்றே விற்கும் ரப்பர் கிரீஸ் ஒரு சிறு டியூப். ஹோஸ்கள் வண்டியோடு வந்தவையே என்றால் அவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் செய்ய வேண்டுமா என்று கேட்காதீர்கள், வேண்டும். ஒன்று புதிதாக இலகுவாக ஓடி, மற்றது பாதி இறுக்கத்தில் இருந்தால், அவசரமாக மிதிக்கும்போது ஈரச் சாலையில் வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் பிரிக்க வேண்டாம். வலதை முடித்து மாட்டிய பிறகு இடது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் முழுசாக இருக்கும்; தவிர, பிஸ்டனை வெளியே தள்ளுவதற்கும் அது அவசியம்.

கம்ப்ரஸர் இல்லாத குறையை உங்கள் பிரேக் பெடலே தீர்த்துவிடும். கம்ப்ரஸரைவிட அது நல்லது என்றே சொல்வேன். காற்று அழுத்தத்தில் பிடித்துக் கிடக்கும் பிஸ்டன் திடீரென்று விடுபட்டால் குண்டு மாதிரி பாயும், விரல் குறுக்கே இருந்தால் எலும்பு நொறுங்கும். ஆயில் அழுத்தத்தில் அது மெல்ல நகரும், விட்டால் நின்றுவிடும்.

செய்முறை இதுதான். சக்கரத்தைக் கழற்றி, தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும். காலிப்பரின் சைடு பின் போல்ட்டுகள் இரண்டையும் கழற்றுங்கள். போல்ட்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால் மெல்லிய ஸ்பானர் ஒன்றால் பின்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டுங்கள். பேடுகளை எடுத்துவிட்டு, காலிப்பரின் வாய்க்குள் பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரப்பலகையை வையுங்கள். பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்து, அது தரை வரை போகாமல் தடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாக ஓடாத கடைசிப் பகுதியில் படிவும் துருவும் இருக்கும். பெடலை அடிவரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும், காலிப்பரைச் சரிசெய்யப்போய் மாஸ்டர் சிலிண்டரும் போய்விடும்.

உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து மெதுவாகப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பிஸ்டனைப் பாருங்கள். பலகையைத் தொட்டதும் நிறுத்தி, இன்னும் மெல்லிய பலகைக்கு மாறுங்கள். பிஸ்டன் கையால் அசைக்கும் அளவுக்கு வெளியே வந்ததும் போதும். இந்த நேரமெல்லாம் பானட்டுக்குள் உள்ள ஆயில் டப்பாவின் மட்டம் குறைந்துகொண்டே வரும்; மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். அது காலியாகி, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் பெட்டிக்குள் காற்றுப் புகுந்தால், கணினிக் கருவி இல்லாமல் வெளியேற்றுவது பெரும்பாடு.

இப்போது ஹோஸைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன், பெடலை 2, 3 செண்டிமீட்டர் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கம்பை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் டப்பாவிலிருந்து கீழே வரும் வழி அடைபட்டுவிடும், ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்காது. பெடல் அழுந்தியிருக்கும் வரை பின்னால் பிரேக் விளக்கு எரியும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பெயிண்டில் ஆயில் சிந்தினால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிஸ்டனைக் கையால் இழுத்தெடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். கறை மட்டும் என்றால் துணியால் துடைத்தால் போய்விடும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால், அது எவ்வளவு சின்னப் புள்ளியானாலும், பிஸ்டனை மாற்றுங்கள். இந்த இடத்தில் பேரம் பேச வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் வலது பிஸ்டனை மாற்ற வேண்டி வரும் என்றே நினைக்கிறேன்.

பழைய சீலைக் கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ நெம்பாதீர்கள், பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் காலிப்பர் குப்பைதான். மூங்கில் சிம்பைச் சீவிக் கூராக்கிக்கொள்ளுங்கள், இதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. அதே சிம்பால், ஸ்பிரிட்டில் நனைத்த துணி நுனியைச் சுற்றி, பள்ளத்தின் அடியையும் இரண்டு ஓரங்களையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இந்த வேலையில் நேரம் போக வேண்டிய இடம் இது. பள்ளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவு கண்ணுக்கு ஒன்றுமில்லாதது போலத் தெரியும். அது புதுச் சீலைப் பிஸ்டனை நோக்கித் தள்ளி இறுக்கும். புதுச் சாமான் போட்டும் சக்கரம் பிடிக்கும். தூசி உறை உட்காரும் வெளிப் பள்ளத்தில்தான் துரு அதிகம் இருக்கும். அங்கே பித்தளைக் கம்பி பிரஷ் போடலாம். வார்ப்பிரும்புக் காலிப்பரை, ரப்பர் எதுவும் இல்லாத நிலையில், வினிகரில் ஊறவைத்தும் துருவெடுக்கலாம். பிறகு சோடா மாவுத் தண்ணீரில் அலசி, வெந்நீரில் கழுவி, உடனே காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும். ஆயில் வரும் துளையிலும் நிப்பிள் துளையிலும் ஸ்பிரேயைப் பீய்ச்சி, மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

பூட்டும்போது சீலுக்கும் பிஸ்டனுக்கும் செட்டோடு வந்த கிரீஸையோ புதுப் பிரேக் ஆயிலையோ தடவுங்கள். சீலைப் பள்ளத்தில் வைத்து, விரலைச் சுற்றிலும் ஓட்டி, எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்யுங்கள். அடுத்தது தூசி உறை, புதியவர்கள் பொறுமை இழக்கும் இடம். பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு உறையை மாட்ட முயலாதீர்கள். முதலில் உறையைப் பிஸ்டனின் பின்முனையில் கொஞ்சமாக ஏற்றி, அதன் அகன்ற விளிம்பு பிஸ்டனைத் தாண்டி முன்னே தொங்கும்படி விடுங்கள். அந்த விளிம்பைக் காலிப்பரின் வெளிப் பள்ளத்தில் சுற்றிலும் உட்காரவையுங்கள். பிறகு பிஸ்டனை உறைக்குள்ளாகவே நேராகத் தள்ளினால், உறையின் சிறிய விளிம்பு கடைசியில் பிஸ்டனின் பள்ளத்தில் தானே விழும். கம்பி வளையத்தை அதன்மேல் போடுங்கள்.

பிஸ்டனைத் தள்ள இரண்டு கட்டைவிரல்களே போதும். முதலில் சீலைத் தொடும்போது கொஞ்சம் மறுக்கும், பிறகு சீராக இறங்கும். கோணலாகப் போனால் இழுத்து மறுபடி வையுங்கள். சுத்தியலோ கிளாம்போ தேவைப்படுகிறது என்றால் சீல் முறுக்கியிருக்கிறது, அல்லது பள்ளத்தில் அழுக்கு இருக்கிறது, அல்லது சீல் அளவு தவறு. மூன்றில் எதுவானாலும் பலம் அதைச் சரிசெய்யாது.

சைடு பின்கள். பெரும்பாலான டொயோட்டா காலிப்பர்களில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இல்லை; ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். யாராவது முன்பு சாதாரண கிரீஸ் போட்டிருந்தால் அந்தப் புஷ்தான் முதலில் வீங்கும். சைடு பின், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டுக்குள் இறுகி, காலிப்பர் பக்கவாட்டில் நகராமல் போகும், உள்பேடு மட்டும் தேயும். துளைகளைத் துணிச்சுருளால் துடைத்து, பின்னில் ரப்பர் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். துளை நிறைய அப்பினால் உள்ளே காற்று அடைபட்டு, பின்னைத் தள்ளினால் திரும்பி வெளியே வரும்.

அடுத்து பிராக்கெட். பேடின் காதுகள் உட்காரும் இடங்களில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமலே துடைத்துவிட்டுப் போவார்கள். கழற்றுங்கள். தகடு துருப்பிடிக்காது, அதற்கு அடியில் உள்ள பிராக்கெட் துருப்பிடிக்கும். துரு பொங்கித் தகட்டை மேலே தூக்கும். பேடு அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு பின்வாங்காது. மழை அதிகமான கீழ் பர்மாவில் ஓடும் வண்டிகளில் இந்தக் காரணத்தைப் பிஸ்டனுக்கு நிகராகவே சந்தேகிக்க வேண்டும். அரத்தால் வெற்று இரும்பு தெரியும் வரை தேயுங்கள். இங்கே தாராளமாகத் தேய்க்கலாம். பேடு விரலால் தள்ளினால் நகர வேண்டும், சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. சூடேறிய வலது பக்கப் பேடுகள் ஓரங்களில் வெடித்திருந்தாலோ பளிங்கு மாதிரி மினுங்கினாலோ, இரண்டு பக்கமும் புது செட்டாக மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன்மீதே பொறித்திருக்கும், அளந்து ஒப்பிடுங்கள்.

மாட்டும்போது இறுக்க அளவுகள், உங்கள் தலைமுறைக் கொரோலாவுக்கு: பிராக்கெட் போல்ட் 107 நியூட்டன் மீட்டர், சைடு பின் போல்ட் 34, ஹோஸ் போல்ட் 30, நிப்பிள் 8.3, சக்கர நட்டு 103. பழைய ஜப்பானிய டார்க் ரெஞ்ச் கிலோகிராம் மீட்டரில் இருந்தால் வரிசையாக 10.9, 3.5, 3.1, 0.85, 10.5. நிப்பிளின் எண்ணைக் கவனியுங்கள். அது கை மணிக்கட்டின் பலம் மட்டுமே. நிப்பிள்கள் முறிவது பெரும்பாலும் கடைசி முறை மாட்டியவர் அதைச் சக்கர நட்டு போல இறுக்கியதால்தான். ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர். ஹோஸ் முனையில் உள்ள சிறு முளை காலிப்பரின் குழியில் பொருந்த வேண்டும், இல்லையேல் ஹோஸ் முறுக்கிக்கொண்டு டயரில் உரசும்.

பெடலின் முட்டுக்கம்பை எடுத்துவிட்டு, வலது பக்கத்தில் ஆயிலுக்குள் புகுந்த காற்றைக் கீழே சொல்லும் முறையில் ஓரளவு எடுத்து, பெடல் உறுதியானதும் இடது பக்கத்தைத் தொடங்குங்கள். இரண்டும் முடிந்ததும் நான்கு சக்கரத்திலும் முழுதாகக் காற்றெடுக்கலாம், பழைய ஆயிலும் வெளியேறிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்காக எழுதிய குறிப்புகளில் வலது பின் சக்கரம் முதலில் என்றிருக்கும். நம் நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்டினாலும் வண்டிகள் பெரும்பாலும் வலப்பக்க ஸ்டியரிங். மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கமே. அதனால் உங்கள் வண்டிக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசை.

நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள போத்தலில் முழுகவிடுங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் திறந்து, ஆயில் வந்ததும் மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். கட்டையைப் பெடலுக்கு அடியிலேயே விட்டுவையுங்கள். குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும் வரை செய்யுங்கள். எத்தனை முறை செய்தும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் காலிப்பர்களைப் பாருங்கள்: நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடம் வலம் மாறிவிட்டது. காற்று மேலேயே நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் வராது.

வண்டியை நகர்த்துமுன் பெடலுக்கு அடியிலுள்ள கட்டையை எடுத்து, பேட்டரிக் கம்பியை மாட்டி, எஞ்சினைப் போட்டுப் பெடலைப் பல முறை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் இருப்பதால் முதல் மிதி அடிவரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் போட்டால் சுவர்தான் நிறுத்தும். பிறகு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் போல்ட்டையும் நிப்பிளையும் உறையின் ஓரத்தையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். சக்கரம் கையால் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் இருக்கலாம், தடை இருக்கக் கூடாது.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பேடு போட்டிருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதைப் பத்து முறை, நடுவே ஆறவிட்டுச் செய்யுங்கள். முழுதாக நிறுத்தி மிதித்தபடியே நிற்காதீர்கள். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு முன் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் கொதித்து, மற்றதில் வெறுமனே வழிந்தால் வேலை முடியவில்லை. முதலில் பிராக்கெட் தகடுகளையும் பின்களையும் மறுபடி பாருங்கள், சீலைக் கடைசியில் சந்தேகியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ஒழுகலைச் சோதியுங்கள்.

கடைசியாக, மீந்த ஆயில். டாட் 3 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் 140 வரை இறங்கலாம். அந்த ஆயில் மலைச் சாலையில் இறங்கும்போது கொதித்து, ஆவியாகி, பெடல் வெறுமையாகும். கொதிக்காவிட்டாலும் அந்த ஈரம் பிஸ்டனையும் சிலிண்டரையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். இரண்டு டப்பாவாக வாங்கச் சொன்னது இதற்காக: திறக்காததை வைத்துக்கொள்ளுங்கள், திறந்ததில் மீந்ததை அடுத்த முறைக்கு வைக்க வேண்டாம். வண்டியில் உள்ளதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 3 கிடைக்காவிட்டால் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 5 என்று எழுதிய சிலிகான் ஆயில் மட்டும் கூடாது.